வெர்ஜிலை வேடிக்கை பார்த்தவர்கள்

முதல் தடவை அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அதில் ஒரு கவிஞர் இருப்பதே தெரியாது. ஒரு தெரு. முன்னால் பெரிய பெரிய ஆட்கள், அகலத் தொப்பியும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் மேலங்கியுமாக நிற்கிறார்கள். ஒருவர் இன்னொருவரிடம் ஏதோ சொல்கிறார், கை பின்பக்கம் நீள்கிறது. பெண்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள். காலையில் கடைத்தெருவுக்கு வந்த இடத்தில் நல்ல செய்தி ஒன்று கிடைத்துவிட்ட மாதிரி எல்லோருக்கும் ஒரு சுறுசுறுப்பு. தலைப்பைப் படித்த பிறகுதான் நம் கண் அந்தக் கை காட்டும் திசையில் போகிறது. அங்கே தூரத்தில், ஒரு கட்டடத்தின் உயரத்தில், கயிற்றில் ஒரு கூடை. கூடைக்குள் ஒரு ஆள். அவர்தான் வெர்ஜில். ரோமாபுரியின் மகாகவி, ‘ஈனியட்’ காவியத்தை எழுதியவர்.

இது லூகாஸ் வான் லெய்டன் என்ற டச்சு ஓவியர் 1525இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். உயரம் சுமார் 24 சென்டிமீட்டர், அகலம் 19க்குக் கொஞ்சம் குறைவு. ஏ4 தாளை விடச் சிறியது. நான் ஜெர்மன் ஓவியர் டியூரரின் அச்சுப்படங்களை இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது வழியில் சிக்கியது. அதற்கப்புறம் டியூரரிடம் திரும்பிப் போகப் பல நாள் ஆனது.

கதை இதுதான். வெர்ஜில் ரோம் சக்கரவர்த்தியின் மகள்மேல் ஆசைப்படுகிறார். அவள் சரி என்கிறாள். ஆனால் கோபுரத்தில் இருக்கும் தன் அறைக்கு வாசல் வழியாக வர முடியாது, ராத்திரி ஜன்னலிலிருந்து கூடை இறக்குகிறேன், ஏறி உட்காருங்கள், தூக்கிக்கொள்கிறேன் என்கிறாள். உலகத்து ஞானமெல்லாம் அறிந்தவர் கூடையில் ஏறி உட்காருகிறார். பாதி உயரம் வந்ததும் கயிறு நின்றுவிடுகிறது. அவள் கயிற்றைக் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். விடிகிறது. ஊர் எழுந்து வருகிறது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் குதிக்க முடியாமல் மகாகவி அந்தரத்தில் தொங்குகிறார்.

சில பிரதிகளில் அவள் சக்கரவர்த்தியின் மகள், சிலவற்றில் ரோமின் ஒரு சீமாட்டி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் கூடையில் தொங்கியவரும் எப்போதும் வெர்ஜில் இல்லை. இடைக்காலத்து பிரெஞ்சுக் கதைநூல் ஒன்றில் இதே கூடையில் இதே ரோமில் தொங்குபவர் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ். கதைக்குத் தேவை ஒரு பெரிய அறிவாளி. யார் கிடைத்தாலும் தூக்கிக் கூடையில் போட்டுவிடும். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அது வெர்ஜிலின் பெயரில் ஒட்டிக்கொண்டது, பிறகு பிரியவே இல்லை. ஸ்பெயினில் ஹுவான் ருயிஸ் 14ஆம் நூற்றாண்டில் தன் நீண்ட கவிதை நூலில் இதைச் சொல்கிறார். பிரான்ஸில் கான் நகரத்தின் செயின்ட் பியர் தேவாலயத்தில், தூணின் தலைப்பகுதியில், வெர்ஜிலைக் கூடையோடு கல்லில் செதுக்கியே வைத்துவிட்டார்கள். அவருக்குத் துணையாக அதே தூணில் அரிஸ்டாட்டில் இருக்கிறார். அவர் முதுகில் ஒரு பெண் ஏறிக் குதிரைச் சவாரி செய்கிறாள். அது இன்னொரு கதை. தேவாலயத் தூணில் இதெல்லாம் எப்படி என்று கேட்டால், காமத்தின் முன்னால் கல்வி செல்லாது என்ற பாடம் என்பார்கள். பாடம் என்ற பெயரில் செதுக்கியவருக்கும் பார்த்தவருக்கும் நல்ல பொழுதுபோக்கு கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தக் கதை ஏன் போயும் போயும் வெர்ஜிலின் தலையில் விடிந்தது என்றுதான் நான் முதலில் யோசித்தேன். ஏனென்றால் நிஜ வெர்ஜிலைப் பற்றிப் பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்வது நேர் எதிர். கி.மு. 70இல் மாந்துவாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். உயரம், கறுத்த நிறம், நாட்டுப்புறத்து முகம், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். பேச்சு வராது. வழக்கறிஞராக ஒரே ஒரு தடவை வாதாடினார், அதோடு சரி. நேப்பிள்ஸ்காரர்கள் அவரைக் கன்னிப்பெண் என்று கிண்டல் பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்குக் கூச்சம். ரோமுக்கு அபூர்வமாகத்தான் வருவார். வந்தால் தெருவில் ஆட்கள் பின்தொடர்ந்து ‘அதோ அவர்தான்’ என்று கைகாட்டுவார்கள். உடனே பக்கத்தில் எந்த வீடு இருக்கிறதோ அதற்குள் நுழைந்து ஒளிந்துகொள்வார்.

இந்தக் கடைசி விவரத்தைப் படித்துவிட்டு லூகாஸின் படத்தைப் பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது. ரோமின் தெருவில் தன்னைக் கைகாட்டுகிறார்கள் என்பதற்காக வீட்டுக்குள் ஓடி ஒளிந்தவரை, நுழைய முடியாத ஒரு வீட்டின் வெளிச்சுவரில், ரோமின் தெருவே அண்ணாந்து கைகாட்டும்படி கட்டித் தொங்கவிட்டிருக்கிறது கதை. லூகாஸுக்கு அந்தப் பழைய குறிப்பு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கதை கட்டியவர்களும் அதை நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கைகாட்டல் 1500 வருஷம் கழித்து அச்சில் வந்து நிற்கிறது.

வெர்ஜில் கி.மு. 19இல் பிரண்டிசியத்தில் இறந்தார். சாகும்போது ‘ஈனியட்’ முழுசாகத் திருத்தப்படவில்லை, எரித்துவிடுங்கள் என்றார். அகஸ்டஸ் சக்கரவர்த்தி எரிக்க விடவில்லை. உடம்பை நேப்பிள்ஸுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். கல்லறை இருந்த நிலத்தை அடுத்த நூற்றாண்டில் சிலியஸ் இத்தாலிகஸ் என்ற கவிஞர் விலைக்கு வாங்கி, கோயிலுக்குப் போவது மாதிரி போய் வந்தார், தன் பிறந்தநாளைவிட வெர்ஜிலின் பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாடினார். அப்புறம் ஆயிரம் வருஷத்துக்கு ஐரோப்பாவில் லத்தீன் கற்ற ஒவ்வொரு பையனும் வெர்ஜிலை மனப்பாடம் செய்துதான் லத்தீன் கற்றான். புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வரியில் எதிர்காலம் பார்க்கும் வழக்கமும் வந்தது. ஒரு குழந்தை பிறக்கப்போகிறது, பொற்காலம் திரும்பப்போகிறது என்று அவர் எழுதிய ஒரு கவிதையைக் கிறிஸ்தவர்கள் இயேசுவைப் பற்றிய தீர்க்கதரிசனமாக எடுத்துக்கொண்டார்கள். காவியத்தின் ஆறாம் பகுதியில் நாயகன் பாதாள உலகத்துக்குப் போய்த் திரும்புகிறான். ஆடுமேய்ப்பவர்களைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளில் எட்டாவதில் காதலனை வரவழைக்க மந்திரம் செய்யும் பெண் வருகிறாள். போதாக்குறைக்கு அவர் அம்மாவின் பெயர் மாஜியா, லத்தீனில் மந்திரத்துக்கும் அதே சொல். இத்தனையும் தெரிந்தவன் மந்திரவாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

நேப்பிள்ஸில் இந்தக் கதைகள் கொழித்தன. எனக்குப் பிடித்தவை இவைதான். வெர்ஜில் வெண்கலத்தில் ஒரு ஈ செய்து வைத்தார், அது இருக்கும்வரை நகரத்துக்குள் ஈ வராது. 1159இல் சாலிஸ்பரி ஜான் என்ற ஆங்கிலேய அறிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார். கசாப்புக் கடைத்தெருவில் இறைச்சி கெடாமல் இருக்கவும் அவர் ஒரு வழி செய்திருந்தார். கடலோரக் கோட்டைக்கு அடியில் ஒரு முட்டையை ஒளித்து வைத்தார், அது உடைந்தால் ஊர் அழியும். அந்தக் கோட்டைக்கு இன்றைக்கும் முட்டைக் கோட்டை என்றுதான் பெயர். குறுகிய கழுத்துள்ள கண்ணாடிப் புட்டிக்குள் நகரத்தையே சின்னதாகச் செய்து வைத்தார், அது பத்திரமாக இருக்கும்வரை எதிரி நுழைய முடியாது. இந்தப் புட்டியைப் பற்றி 1196இல் எழுதியவர் குவெர்ஃபர்ட் கான்ராட். அவர் ஜெர்மன் சக்கரவர்த்தியின் அமைச்சர், நேப்பிள்ஸைப் பிடித்த தரப்பு. மந்திரப் புட்டி இருந்தும் நீங்கள் எப்படி நுழைந்தீர்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் தயார்: புட்டியில் ஒரு சின்னக் கீறல் விழுந்திருக்கலாம். அரசியல்வாதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

வெர்ஜிலின் கல்லறை என்று காட்டப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே மலையைக் குடைந்து போகும் ஒரு பழைய சுரங்கப்பாதை இருக்கிறது. சுமார் 700 மீட்டர். அகஸ்டஸ் காலத்தில் கொக்கேயஸ் என்ற கட்டடக்கலைஞர் போட்டது. ஜனங்களுக்கோ அது வெர்ஜில் ஒரே ராத்திரியில் மந்திரத்தால் குடைந்தது. நேப்பிள்ஸ் அரசர் ராபர்ட் ஒருமுறை கவிஞர் பெட்ரார்க்கிடம் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாராம். வெர்ஜில் கல்தச்சராக இருந்ததாக நான் எங்கும் படித்ததில்லையே என்றார் பெட்ரார்க். இங்கே தெரிவது மந்திரத்தின் சுவடு அல்ல, இரும்பு உளியின் சுவடு என்று அரசரும் ஒப்புக்கொண்டார். இந்த மொத்த விவகாரத்திலும் கவிதையை ஒழுங்காகப் படித்த ஒரு ஆள் பேசுவது இந்த ஒரு இடத்தில்தான் நன்றாகக் கேட்கிறது.

லூகாஸிடம் வருவோம். காரெல் வான் மாண்டர் 1604இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்றுப் புத்தகத்தின்படி லூகாஸ் பிறந்தது 1494, லெய்டன் நகரம். அப்பாவும் ஓவியர். தேதி போட்ட முதல் செப்புத்தகட்டு அச்சு 1508இல் வருகிறது. வான் மாண்டர் சொன்ன வருஷத்தை நம்பினால் அப்போது வயது 14. நம்பக் கஷ்டமாக இருப்பதால் ஆய்வாளர்களில் சிலர் பிறந்த வருஷத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளுகிறார்கள். 1521இல் டியூரர் ஆன்ட்வெர்ப்பில் இருந்தபோது இருவரும் சந்தித்தார்கள். லூகாஸ் தனக்கு விருந்து கொடுத்ததையும், ஆள் ரொம்பச் சின்ன உருவம் என்பதையும் டியூரர் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வெள்ளி முனைக் கோலால் அவரை வரைந்தும் வைத்தார். பிறகு எட்டு ஃப்ளோரின் மதிப்புள்ள தன் அச்சுப்படங்களைக் கொடுத்து, லூகாஸின் அச்சுப்படங்கள் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார். ஐரோப்பாவின் மிகப் பெரிய அச்சுக்கலைஞர் தன் சரக்கை எடைபோட்டுக் கொடுத்து இளையவரின் சரக்கை முழுசாக வாங்குகிறார். பாராட்டுப் பத்திரம் எழுதிக் கொடுப்பதை விட இது மேல்.

வெர்ஜில் கதை லூகாஸுக்குப் புதிது இல்லை. 1512 வாக்கில் மரக்கட்டை அச்சில் ஒரு வரிசை செய்தார். பெண்களிடம் தோற்றுப்போன பெரிய மனிதர்கள் என்பதுதான் வரிசையின் பொருள். தலைமுடியை இழந்த சிம்சோன், மனைவிகளுக்காக விக்கிரகத்தை வணங்கிய சாலமோன் என்று போகும் அந்த வரிசையில் கூடை வெர்ஜிலும் உண்டு. அந்தக் காலத்தில் இது நன்றாக விற்ற சரக்கு. ஆண்கள் வாங்கி ஆண்கள் சிரிக்கும் வகை. 1525இல் அதே கதையை மறுபடி எடுக்கிறார். இந்தத் தடவை செப்புத் தகடு.

மரக்கட்டை அச்சுக்கும் இதற்கும் வேலையே வேறு. மரத்தில் கோடு வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுக்க வேண்டும், மேடாக நிற்பதுதான் மையை வாங்கும். செப்பில் கோட்டையே பள்ளமாகக் கீறுகிறார்கள். கூரிய எஃகு முனையை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும், வளைவு வந்தால் கையைத் திருப்பாமல் தகட்டைத் திருப்புவார்கள். பிறகு தகடு முழுக்க மை தடவி, மேல்பரப்பைத் துடைத்து, பள்ளத்தில் மட்டும் மை நிற்கும்படி செய்து, ஈரத்தாளை வைத்து உருளைக்கு நடுவே அழுத்தி இழுக்கிறார்கள். ஆழமாகக் கீறினால் கறுப்பு, லேசாகக் கீறினால் சாம்பல். லூகாஸின் திறமை இந்த லேசில் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் நிற்பவர்களின் மேலங்கி மடிப்பில் கோடுகள் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகின்றன. துணியின் கனம் தெரிகிறது. அப்படியே பார்வையைப் பின்னால் நகர்த்தினால் குறுக்குக்கோடு குறைகிறது, கோடுகளுக்கு இடையே வெள்ளை கூடுகிறது. கட்டடத்துக்குப் போகும்போது வெளிறிவிடுகிறது. வெர்ஜிலை எட்டும்போது காலை வெயிலில் கண் கூசுகிற தூரத்துப் பொருள் மாதிரி ஆகிவிடுகிறது. வண்ணம் கிடையாது, தூரிகை கிடையாது, கீறலின் ஆழத்தை வைத்தே காற்றைக் காட்டுகிறார். தூரத்துப் பொருள் கண்ணுக்கு எப்படி மங்குமோ அப்படி மங்கவிடுகிறார் லூகாஸ் என்று இத்தாலியில் ஓவியர் வரலாறு எழுதிய வசாரியே மெச்சினார்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. செப்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் தேயும். லேசான கீறல்தான் முதலில் போகும். ஆகவே இந்த மாதிரித் தகட்டில் பிந்தி எடுத்த பிரதிகளில் முன்னால் நிற்கும் கூட்டம் தாக்குப்பிடிக்கும், பின்னால் தொங்குபவர்தான் கரைவார். லூகாஸ் இதில் கறார் பேர்வழி. சரியாக விழாத பிரதிகளைக் குவியலாக எரித்துவிடுவார் என்று அவர் மகள் சொன்னதாக வான் மாண்டர் எழுதுகிறார்.

வசாரியைப் பற்றிச் சொன்னதால் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். தன் புத்தகத்தின் 1568 பதிப்பில் அவர் இந்த வெர்ஜில் படத்தைக் குறிப்பிட்டுப் புகழ்கிறார். இதிலுள்ள தலைகளையும் உருவங்களையும் பார்த்துத்தான் டியூரருக்குப் போட்டி வந்து, புத்தியைத் தீட்டிக்கொண்டு, கவசம் போட்ட குதிரை வீரன் படத்தைச் செய்தார் என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குதிரை வீரன் 1513இல் வந்துவிட்டது. வெர்ஜிலுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால்! இரண்டு படத்திலும் வருஷம் பொறித்தே இருக்கிறது. வசாரிக்குக் கதைதான் முக்கியம், தேதி அப்புறம். வெர்ஜில் கதைகளும் இப்படி யாரோ நல்ல மனசோடு சேர்த்துக் கட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். கதையையும் சொன்னேன். அவள் கலை வரலாறு எதுவும் படித்தவள் இல்லை, பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

“ஏண்டா, இத்தனை பேர் நிக்கறாங்களே, ஒருத்தராவது அந்த ஆளை இறக்கணும்னு பார்க்கறாங்களா?”

மறுபடி பார்த்தேன். முன்வரிசையில் யாருக்கும் அந்த எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. சிலர் அவரைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்துவிட்டு இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் கூடையிலிருந்து இறங்கி வாய்க்கு வந்துவிட்டது. லூகாஸ் பிடித்திருப்பது இந்தக் கணத்தைத்தான் என்று எனக்குப் பட்டது. விழுந்து விழுந்து சிரிக்கும் கூட்டத்தை அவர் போடவில்லை. கல் எறிபவர்களைப் போடவில்லை. நம் ஊரில் இரண்டு பைக் லேசாக உரசிக்கொண்டால் ஐந்து நிமிஷத்தில் சேரும் கூட்டம் எப்படி இருக்குமோ அப்படி, பொறுப்பான முகத்தோடு, குழந்தை குட்டியோடு நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எல்லோரும் 1525இல் லெய்டனில் உடுத்திய உடையில் இருக்கிறார்கள். ரோமாவது, சக்கரவர்த்தியாவது. வாங்கிப் பார்த்தவர் தன் தெருவையே பார்த்திருப்பார்.

இந்த அமைப்பை அவர் முன்பே ஒரு தடவை பயன்படுத்தியிருக்கிறார் என்பதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 1510இல் அவர் செய்த ஒரு பெரிய செப்பு அச்சு. ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை மக்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும் காட்சி. அதிலும் பெரிய சதுக்கம், முன்னால் கூட்டம், தூரத்தில் ஒரு மேடைமேல் சின்னதாக இயேசு. பார்ப்பவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். பிற்பாடு ரெம்ப்ராண்ட் 1655இல் இதே காட்சியைச் செய்தபோது லூகாஸின் இந்தப் படம் அவர் மனசில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஆத்திரம் இருக்கிறது, சிலுவையில் அறை என்று கத்தும் கூட்டம் அது. வெர்ஜில் கூட்டத்துக்கு யார்மேலும் ஆத்திரம் இல்லை. ஆனால் நிற்கும் இடம் ஒன்றுதான். இயேசுவுக்குப் போட்ட அமைப்பை ஒரு கேலிக்கதைக்குத் தூக்கிப் போடும்போது கேலி கொஞ்சம் கனத்துப் போகிறது. 1512 மரக்கட்டை அச்சில் இது பெண் ஏமாற்றிய கதை. 1525இல் அது ஊர் பார்த்த கதை. பெண்ணின் தந்திரம் எப்படியோ பின்னுக்குப் போய்விட்டது.

இது எவ்வளவு நல்ல முடிவு என்பது கதையின் இரண்டாம் பாதியைத் தெரிந்துகொண்டால்தான் புரியும். சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் வெர்ஜில் ஏதோ அப்பாவி என்று நினைத்துவிடுவீர்கள். அவமானப்பட்ட மந்திரவாதி பழிவாங்குகிறார். ஒரே நொடியில் ரோம் முழுக்க நெருப்பை அணைத்துவிடுகிறார். அடுப்பு இல்லை, விளக்கு இல்லை. நெருப்பு வேண்டுமென்றால் ஒரே வழி, அந்தப் பெண்ணை நடுச்சந்தியில் மேடையேற்றி நிறுத்த வேண்டும், அவள் உடம்பிலிருந்து, சொல்லக் கூசும் இடத்திலிருந்து, நெருப்பு எடுக்க வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை. ஒருவர் எடுத்த நெருப்பை அடுத்தவருக்குக் கொடுத்தால் இரண்டும் அணைந்துவிடும். ஆக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் நேரில் வந்தே தீர வேண்டும். இந்த நிபந்தனையைக் கண்டுபிடித்த மூளையை நினைத்தால் கோபம் வருகிறது. கூடையைப் பார்த்தவர்கள் தற்செயலாக அந்த வழியே வந்தவர்கள். இங்கே பார்க்காமல் இருக்கும் உரிமையும் கிடையாது. ஊர் மொத்தமும் வரிசையில் நின்று அவமானப்படுத்தியாக வேண்டும்.

இதையும் படமாகப் போட்டு விற்றார்கள். நியூரம்பர்கின் கியோர்க் பென்ட்ஸ் 1540களின் தொடக்கத்தில் இரண்டையும் செப்பில் செதுக்கினார். ஒன்றில் கூடை, ஒன்றில் பழி. பென்ட்ஸ் சின்ன அளவில் நுணுக்கமாக வேலை செய்யும் கூட்டத்தைச் சேர்ந்தவர், மத நம்பிக்கையில்லாத ஓவியர் என்று 1525இல் தன் ஊரிலிருந்தே கொஞ்ச காலம் விரட்டப்பட்டவர். கைவேலையில் குறை சொல்ல முடியாது. பழிவாங்கும் படத்தில் அந்தப் பெண்ணைச் சுற்றி நெருப்பு வாங்க ஜனம் நெருக்குகிறது. எனக்கு ஒரு தடவை பார்த்தது போதும். லூகாஸுக்கும் இந்த இரண்டாம் பாதி கட்டாயம் தெரிந்திருக்கும். மந்திரவாதி வெர்ஜிலின் வாழ்க்கையும் சாவும் என்று மலிவு விலைக் கதைப்புத்தகம் அந்த வருஷங்களில் ஆன்ட்வெர்ப்பில் டச்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிக்கொண்டிருந்தது. அவர் கூடையோடு நிறுத்திக்கொண்டார். சந்தையில் எது போகும் என்று தெரிந்த வியாபாரிதான் அவரும், ஆனாலும் நிறுத்திக்கொண்டார்.

லூகாஸைப் பற்றியும் ஊர் கதை கட்டாமல் இல்லை. 1527 வாக்கில் சொந்தப் படகில் ஜீலாந்து, ஃபிளாண்டர்ஸ் பக்கம் போனார், கூடவே ஓவியர் யான் கொசார்ட். போகிற ஊரிலெல்லாம் அந்தந்த ஊர் ஓவியர்களுக்கு அறுபது கில்டர் செலவில் விருந்து. லூகாஸுக்கு மஞ்சள் பட்டு அங்கி, கொசார்ட்டுக்குப் பொன்னிழை ஆடை. திரும்பி வந்ததிலிருந்து உடம்பு சரியில்லை. பொறாமை பிடித்த யாரோ விருந்தில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று கடைசிவரை நம்பினாராம். ஆறு வருஷம் பெரும்பாலும் படுக்கைதான், படுக்கையிலேயே செதுக்குவதற்கு வசதி செய்துகொண்டார். மகளுக்குப் பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் முடிந்து வந்தவர்களிடம் என்ன பெயர் என்று கேட்டார். உங்களுக்கு அப்புறமும் ஒரு லூகாஸ் வான் லெய்டன் இருப்பான் என்று பதில் வந்தது. நான் எப்போது போவேன் என்று காத்திருக்கிறீர்களா என்று கிழவருக்குச் சுருக்கென்றது. கிழவர் என்று சொல்லிவிட்டேன், வான் மாண்டர் கணக்கில் அவருக்கு அப்போது வயது 39தான். ஒன்பது நாள் கழித்து, 1533இல், இறந்துபோனார். இதையெல்லாம் வான் மாண்டர் எழுதியது எழுபது வருஷம் கழித்து. விஷம் வைத்த கதையை நான் வசாரியின் குதிரை வீரன் பக்கத்திலேயே வைக்கிறேன். பேரன் கதை நிஜமாக இருக்கும் என்று தோன்றுகிறது. யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யாத இவ்வளவு அற்பமான கோபத்தை யார் மெனக்கெட்டுக் கற்பனை செய்யப்போகிறார்கள்?

படத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் பிரதி இருக்கிறது, அவர்கள் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு கிடையாது. வேறு பெரிய அருங்காட்சியகங்களும் தங்கள் பிரதிகளை ஏற்றியிருக்கின்றன. இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பின்னணிக் கோடுகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், எது முந்தி எடுத்தது என்று நீங்களே ஊகிக்கலாம். கைபேசித் திரையில் வேண்டாம், கூடையே தெரியாது. முடிந்தால் 1510 இயேசு படத்தையும் கூடவே திறந்து வையுங்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அந்தச் சதுக்கத்தில் நிற்பவர்களின் தொப்பிகளைப் பற்றியே ஒரு கட்டுரை தேறும்.